நனைந்த சாக்ஸோடு புடாபெஸ்ட்

ஷூவுக்குள் தண்ணீர் இறங்கியபோது காலை எட்டே முக்கால். பார்க்க வேண்டிய இடங்கள் என்று பேப்பரில் 14 எழுதி வைத்திருந்தேன். அதில் ஒன்றுதான் முடிந்திருந்தது. புடாபெஸ்ட்டில் தேசிய அருங்காட்சியகத்துக்கு எதிரே ரோட்டைத் தாண்டும்போது, வெள்ளைவெளேரென்று கெட்டியாகத் தெரிந்த பனிமேட்டில் காலை வைத்தேன். மேலேதான் பனி. அடியில் நீத்தண்ணி மாதிரி கலங்கிய சேறு. கணுக்கால் வரை உள்ளே போய்விட்டது.

அக்கா மகன் முந்தின நாள் ராத்திரியே சொன்னான். "மாமா, இது ஜிம்முக்குப் போடுற ஷூ. மேல பூரா வலை. என் பூட்ஸைப் போட்டுக்கோங்க." அவன் பூட்ஸ் எனக்கு ஒரு சைஸ் பெரிசு. "ஏல, தினமும் காலையில இதுலதாம்ல அஞ்சு கிலோமீட்டர் நடக்கேன்" என்றேன். பாளையங்கோட்டையில் நடக்கிற அஞ்சு கிலோமீட்டர்.

வியன்னாவில் நான்கு நாள் ஆபீஸ் வேலை. முடிந்ததும் ஒரு நாள் லீவு போட்டு, ரயில் ஏறி இரண்டே முக்கால் மணி நேரத்தில் புடாபெஸ்ட் வந்துவிட்டேன். மருமகன் அங்கேதான் எம்.எஸ். படிக்கிறான். வெள்ளிக்கிழமை மதியம் வரை அவனுக்கு வகுப்பு. அதுவரை தனியாகச் சுற்றுவது, மதியத்துக்கு மேல் அவன் சேர்ந்துகொள்வது என்று ஏற்பாடு. நான் பார்த்த அதிகபட்சக் குளிர் கொடைக்கானலில், டிசம்பரில். அன்று காலை போனில் பார்த்தால் மைனஸ் 4.

அந்த 14 இடப் பட்டியலில்தான் முதல் தப்பு. காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு வரை 12 மணி நேரம், ஒரு இடத்துக்கு முக்கால் மணி என்று நம்மூர்க் கணக்கில் வகுத்திருந்தேன். ஜனவரி முதல் வாரத்தில் அங்கே ஏழரைக்குத்தான் விடிகிறது. சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் சூரியன் போய்விடுகிறது. மொத்தமே எட்டரை மணி நேர வெளிச்சம். அதிலும் தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே நின்றால் காது வலிக்கிறது, மூக்கு ஒழுகுகிறது, விரல் சொன்னபடி கேட்க மாட்டேன் என்கிறது. எங்கே எப்போது உள்ளே நுழைந்து சூடேற்றிக்கொள்வது என்பதை முதலில் குறித்துவிட்டு, நடுவில் கிடைக்கிற நேரத்தில் பார்க்க வேண்டியதைப் பார்க்க வேண்டும். இதை அன்று காலையிலேயே யாராவது சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்றால், பூட்ஸ் விஷயத்திலேயே கேட்கவில்லையே.

பட்டியலில் முடிந்த ஒன்று, டொஹானி தெருவில் இருக்கும் யூதர்களின் பெரிய ஜெபாலயம். 1859-ல் கட்டியது, ஏறத்தாழ 3,000 பேர் உட்காரலாம், ஐரோப்பாவிலேயே பெரியது. எட்டரைக்குப் போனால் கதவு திறக்கவில்லை. வெளியே நின்று அந்தச் சிவப்பும் மஞ்சளுமான செங்கல் வரிகளையும் இரண்டு கோபுரங்களையும் பார்த்துவிட்டு நடந்தேன். குளிர்காலத்தில் பல இடங்கள் தாமதமாகத் திறந்து சீக்கிரம் மூடுகின்றன. முந்தின நாளே பார்த்து வைக்கிற விஷயம் இது.

நனைந்த காலோடு பத்து நிமிடம் நடந்து பெரிய சந்தைக்குள் நுழைந்தேன். 1897-ல் திறந்த கட்டடம், கூரை முழுக்க வண்ண ஓடு, உள்ளே ரயில்வே ஸ்டேஷன் மாதிரி இரும்புத் தூண்கள். காலை ஆறு மணிக்கே திறந்துவிடுகிறார்கள், உள்ளே போகக் காசு இல்லை. தரைக்கு அடியில் இருக்கும் தளத்தில் ஊறுகாய்க் கடைகள். நம் ஊறுகாய் இல்லை, வினிகரில் போட்ட வெள்ளரி, முட்டைக்கோஸ், குடைமிளகாய். சில கண்ணாடி ஜாடிகளில் காய்களை வெட்டி, கண்ணும் வாயும் வைத்து, சிரிக்கிற முகம் மாதிரி அடுக்கியிருந்தார்கள். ஒரு ஜாடியில் பத்து முகம். எல்லாம் என் காலைப் பார்த்துச் சிரிப்பதாகவே பட்டது.

தரைத்தளம் முழுக்கப் பாப்ரிகா. மாலை மாலையாக மிளகாய் தொங்குகிறது. மிளகாய் நமக்குப் போர்ச்சுகீசியர் கொண்டுவந்து கொடுத்தது, ஹங்கேரிக்காரர்களுக்குத் துருக்கியர் வழியாகப் போனது. அதற்கு முன் அவர்களுக்கும் நமக்கும் மிளகுதான். சென்ட்-ஜோர்ஜி ஆல்பெர்ட் என்ற ஹங்கேரிய விஞ்ஞானி பாப்ரிகாவிலிருந்து வைட்டமின் சி-யை மொத்தமாகப் பிரித்தெடுத்தவர், 1937-ல் நோபல் பரிசு வாங்கியவர். அங்கே குடும்பப் பெயரை முன்னால் சொல்கிறார்கள், சொந்தப் பெயர் பின்னால். முன்னால் இனிஷியல் போட்டே வளர்ந்த நமக்கு இதில் குழப்பமே இல்லை. வாங்குகிறவர்கள் பாக்கெட்டில் 'ஏடெஷ்' என்று இருந்தால் காரமில்லாதது, 'சீப்போஷ்' என்றால் காரம் என்று தெரிந்து வாங்குங்கள். காரம் என்று அவர்கள் எச்சரிப்பது நம்மூர் சாம்பார்ப் பொடிக்குக் கிட்டே வராது.

மாடியில் எம்பிராய்டரித் துணிகளும் நினைவுப் பொருட்களும் விற்கும் கடையில் தடியான கம்பளி சாக்ஸ் கிடைத்தது. இரண்டு ஜோடி வாங்கினேன். ஷூ ஈரமாகவே இருக்கிறதே, புது சாக்ஸும் நனையாதா? கடையம்மாவிடம் கையால் ஜாடை காட்டி இரண்டு கேரி பேக் கேட்டேன். அவர் என் ஷூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துக் கொடுத்தார். காய்ந்த சாக்ஸ் போட்டு, அதன்மேல் பிளாஸ்டிக் பையை மாட்டி, அதோடு ஈர ஷூவுக்குள் காலை நுழைத்தேன். கணுக்காலுக்கு மேலே சிவப்பு மிளகாய்ப் படம் எட்டிப் பார்த்தது. பார்க்கக் கோமாளித்தனம்தான், ஆனால் அது இல்லையென்றால் பத்து மணிக்கே ரூமுக்குத் திரும்பியிருப்பேன். கால் வேர்த்து உள்ளே ஈரமாகும், அதனால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கழற்றிக் காற்றாட விட வேண்டும். அவசரத்துக்கு மட்டும். பயணப் பையில் மாற்று சாக்ஸ் ஒன்றும் இரண்டு பாலித்தீன் பையும் கிடந்தால் போதும், எடையே இல்லை.

அங்கேயே லாங்கோஷ் சாப்பிட்டேன். பட்டூரா மாதிரி எண்ணெயில் பொரித்த பெரிய ரொட்டி, மேலே பூண்டுத் தண்ணீர் தடவி, புளித்த கிரீமும் துருவிய சீஸும் கொட்டித் தருகிறார்கள். சந்தை மாடியில் விலை கொஞ்சம் அதிகம்தான். குளிரில் நடக்கிற நாளில் காலையில் எண்ணெய்ப் பண்டம் சாப்பிட யோசிக்கக் கூடாது. இட்லி இரண்டு என்று சாப்பிட்டிருந்தால் பதினோரு மணிக்குக் கை நடுங்கியிருக்கும்.

காசு விஷயத்தில் முந்தின நாள் வாங்கிய அடியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஹங்கேரியில் யூரோ இல்லை, ஃபோரிண்ட். ரயிலை விட்டு இறங்கியதும் கண்ணில் பட்ட ஏ.டி.எம்.மில் கார்டைச் செருகினேன். எந்த வங்கியின் பெயரும் இல்லாத தனியார் மெஷின். "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிட்டுக்கொள்ளவா?" என்று கேட்டது. ரூபாயில் தெரிந்தால் நல்லதுதானே என்று பச்சைப் பட்டனை அமுக்கினேன். மெஷினே வைத்த மாற்று விகிதம் அது. ராத்திரி மருமகன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஒரு வேளை சாப்பாட்டுக் காசு போச்சு மாமா" என்றான். எந்த ஊரிலும் சரி, உள்ளூர் நாணயத்திலேயே எடுக்கிறேன் என்று சொல்லுங்கள், அந்த மாற்றத்தை மறுத்துவிடுங்கள். முடிந்தால் வங்கிக் கிளையோடு ஒட்டிய மெஷினில் எடுங்கள்.

சந்தையை விட்டு வெளியே வந்தால் எதிரே சுதந்திரப் பாலம். பச்சை இரும்பு, தூண் உச்சியில் இறக்கை விரித்த கழுகு மாதிரி துருல் என்ற புராணப் பறவைகள். 1896-ல் திறந்தது. தெருவில் நடக்கும்போது தெரியாத காற்று பாலத்தில் ஏறியதும் முகத்தில் அறைகிறது. ஆற்றுக்கு மேலே தடுக்க ஒன்றுமே இல்லையே. என் ஜாக்கெட் சென்னையில் வாங்கியது, மெத்தை மாதிரி கனம், ஆனால் காற்று உள்ளே புகுந்து வருகிற துணி. கனம் இருந்து என்ன செய்ய? மருமகன் போட்டிருப்பதைப் பார்த்தால் ஒல்லியாக மூன்று அடுக்கு: உடம்போடு ஒட்டிய தெர்மல், மேலே ஃபிளீஸ், அதற்கு மேலே காற்றுப் புகாத மெல்லிய ஜாக்கெட். உள்ளே நுழைந்தால் ஒன்றைக் கழற்றுகிறான், வெளியே வந்தால் மாட்டுகிறான். எனக்கு உள்ளே பருத்தி பனியன், அதன்மேல் சட்டை, அதன்மேல் அந்த மெத்தை. கடைக்குள் போனால் வேர்த்து ஊற்றியது, வெளியே வந்தால் அந்த வேர்வையே பனியனில் ஐஸாக ஒட்டியது. நம்மூர் வெயிலுக்குப் பருத்தியை விட்டால் வேறில்லை. அங்கே அதுதான் எதிரி.

பாலத்தின் நடுவில் நின்று டான்யூபைப் பார்த்தேன். உறையவில்லை, சாம்பல் நிறத்தில் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் இந்த ஆறும் குளிர்காலமும் சேர்ந்துதான் இந்த ஊரின் கதையில் பாதியை எழுதியிருக்கின்றன. 1458 ஜனவரியில் ஆறு உறைந்து கிடந்தபோது, பனிக்கட்டி மேலேயே கூடி நின்ற கூட்டம் மாத்யாஷை ராஜாவாக ஆர்ப்பரித்தது என்று சொல்வார்கள். 1838 மார்ச்சில் பனிக்கட்டிகள் ஆற்றை அடைத்துக்கொண்டதால் வெள்ளம் கிழக்குக் கரையான பெஸ்ட் பக்கம் புகுந்து ஆயிரக்கணக்கான வீடுகளைச் சாய்த்தது. அப்போது நிரந்தரப் பாலமே கிடையாது. படகுகளைச் சேர்த்துக் கட்டிய மிதவைப் பாலம்தான், குளிர்காலத்தில் அதையும் பிரித்து எடுத்துவிடுவார்கள். 1820 டிசம்பரில் செச்சேனி இஷ்த்வான் என்ற ஹங்கேரியப் பிரபுவின் அப்பா இறந்துபோனார். மகன் பெஸ்ட் கரைக்கு வந்து சேர்ந்து, ஆற்றைத் தாண்ட வழியில்லாமல் ஒரு வாரம் காத்துக் கிடந்தார். ஒரு வருஷச் சம்பாத்தியத்தைக் கொடுத்தாவது பாலம் கட்டுகிறேன் என்று நினைத்தவர், கடைசியில் முன்னின்று கட்டவும் வைத்தார். அதுதான் 1849-ல் திறந்த சங்கிலிப் பாலம். அந்த அப்பா, தன் சேகரிப்பைக் கொடுத்து 1802-ல் தேசிய அருங்காட்சியகத்துக்கு அடித்தளம் போட்டவர். நான் காலை நனைத்துக்கொண்டது அவர் வாசலில்தான்.

பாலம் தாண்டினால் மேற்கே புடா கரை. அங்கிருந்து 19-ஆம் நம்பர் டிராம் கரையோரமாகவே போகிறது. நான் நடந்தேன். "நடந்து பார்க்கிறதுதான் பார்க்கிறது" என்று ஒரு வீம்பு. கரையோரம் முழுக்க எதிர்க்காற்று, பார்க்க என்று தனியாக எதுவும் இல்லை, அரை மணி நேரமும் உடம்புச் சூடும் வீண். நடக்கிற நாள் என்றாலும் 24 மணி நேர பாஸ் ஒன்றைப் போனிலேயே வாங்கிவிடுங்கள். குளிர் தாங்காதபோது டிராமில் ஏறி நாலு ஸ்டாப் உட்கார்ந்து போகலாம், அதுவே ஹீட்டர் போட்ட அறை. ஒற்றைப் பேப்பர் டிக்கெட் வாங்கினால் ஏறியதும் மெஷினில் பஞ்ச் செய்ய மறக்கக் கூடாது. கையில் டிக்கெட் இருந்தாலும் பஞ்ச் இல்லையென்றால் அபராதம்தான், ஊருக்குப் புதுசு என்று சொன்னால் விட மாட்டார்கள்.

சங்கிலிப் பாலத்தின் புடா முனையில், பூஜ்ய வடிவத்தில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு கல் நிற்கிறது. ஹங்கேரியின் சாலைத் தூரங்களை அங்கிருந்துதான் அளக்கிறார்கள். அங்கிருந்து கோட்டை மலைக்குப் பழைய இழுவை ரயில் உண்டு, 16-ஆம் நம்பர் பஸ்ஸும் உண்டு. நான் ஏறியது படிக்கட்டில். ஏறும்போது நன்றாகவே இருந்தது. உச்சியில் நின்றதும்தான் அந்த பனியன் விவகாரம் மறுபடி ஆரம்பித்தது.

மேலே மாத்யாஷ் தேவாலயத்தின் கூரை ஓடுகள் மேல் பனி பாதி படிந்திருந்தது. ஆரஞ்சும் பச்சையும் மீதிப் பாதியில் மட்டும் தெரிந்தன. வெயில் காலத்துப் படங்களில் இந்த அழகு இல்லை. பக்கத்தில் மீனவர் கொத்தளம். பெயரைக் கேட்டுப் பழைய கோட்டை என்று நினைத்திருந்தேன். உண்மையில் 1895-லிருந்து 1902 வரை ஷுலெக் ஃப்ரிஜெஷ் என்ற கட்டடக் கலைஞர் அழகுக்காகவே கட்டியது. ஏழு கோபுரமும், ஹங்கேரியர்களின் முன்னோரான மகியார்களின் ஏழு குலத் தலைவர்களுக்காக. கீழ்மாடத்துக்கு டிக்கெட் கிடையாது, காட்சி அங்கிருந்தே முழுசாகத் தெரிகிறது. அக்கரையில் பார்லிமென்ட், ஆற்றில் மெல்லிய மூடுபனி. கூட்டமும் இல்லை. கோடையில் இங்கே நிற்க இடம் இருக்காது என்று மருமகன் சொல்லியிருந்தான்.

அந்தக் காட்சியைப் படமெடுக்கப் போனை நீட்டியபோது பேட்டரி 31 சதவீதம். இரண்டு படம் எடுத்தேன், மூன்றாவதுக்குத் திரை கறுத்துவிட்டது. குளிரில் லித்தியம் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகிவிடும். சார்ஜ் உள்ளே இருந்தாலும் வெளியே வராது. போனை ஜாக்கெட்டின் உள்பையில், நெஞ்சோடு ஒட்டினாற்போல் வைத்திருக்க வேண்டும், பவர் பேங்கையும்தான். அணைந்துபோன போனை உடம்புச் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்தால் திரும்ப உயிர் வரும். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அப்போது தெரிந்தது, மேப் அதில்தான் இருக்கிறது, மருமகன் நம்பரும் அதில்தான் இருக்கிறது என்பது மட்டும்.

தேவாலயத்துக்குப் பக்கத்துத் தெருவில் 1827-லிருந்து நடக்கும் ருஸ்வுர்ம் என்ற குட்டி இனிப்புக் கடை. உள்ளே போய் ஒரு காப்பியும் கிரேமெஷும் வாங்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். இரண்டு மொறுமொறு தகடுகளுக்கு நடுவே கட்டை விரல் உயரத்துக்கு வெண்ணிலாக் கிரீம், முட்டை சேர்ந்தது. மேஜைக்கு அடியில் ஷூவைப் பாதி கழற்றி வைத்திருந்ததை யாரும் பார்க்கவில்லை என்று நம்புகிறேன்.

இறங்கும்போது விழுந்தேன். உருளைக் கல் பாவிய சரிவு. பனி கிடந்த இடத்தில் ஜாக்கிரதையாக வந்தேன், பனி இல்லாமல் வெறும் ஈரமாக மினுங்கிய இடத்தில் சாதாரணமாகக் காலை வைத்தேன். அது ஈரம் இல்லை, கண்ணாடி மாதிரி உறைந்த மெல்லிய ஐஸ். வெள்ளையாக இருக்கிற பனியாவது கொஞ்சம் பிடிமானம் தரும், கறுப்பாக மினுங்குவதை நம்பவே கூடாது. எனக்கு முன்னால் போன பாட்டி, கையில் காய்கறிப் பையோடு, வாத்து மாதிரி சின்னச் சின்ன அடியாகப் பாதம் முழுக்க ஊன்றி, கைப்பிடிக் கம்பியை விடாமல் இறங்கிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார். பாஷை புரியவில்லை, திட்டு என்பது புரிந்தது. அதற்கப்புறம் அவர் நடந்த மாதிரியே நடந்தேன். இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நடக்கவே கூடாது, விழுந்தால் ஊன்றக் கை வேண்டும். அதற்காகவாவது கையுறை போடுங்கள்.

மருமகனிடம் நான் சொல்லியிருந்தது: "ஒரு மணிக்கு பார்லிமென்ட் முன்னாடி." சங்கிலிப் பாலத்தைத் தாண்டி வந்து சேர ஒன்று இருபது. பாலம் 1945 ஜனவரியில் ஜெர்மன் படை பின்வாங்கும்போது தகர்க்கப்பட்டு, சரியாக நூறு வருஷம் முடிந்த 1949-ல் மறுபடி திறந்தது. இப்போது சொந்தக் கார்களுக்கு அனுமதி இல்லாததால் நிதானமாக நடக்க முடிகிறது. அது இருக்கட்டும். பார்லிமென்டுக்கு முன்னாடி என்பது எது? எல்லாப் படத்திலும் தெரிகிற முகப்பு ஆற்றைப் பார்த்த பக்கம். நான் அங்கே போனேன். வாசலும் சதுக்கமும் மெட்ரோவும் பின்பக்கம். அவன் அங்கே நின்றான். நடுவில் 268 மீட்டர் நீளக் கட்டடம். போன் செத்துவிட்டது. இருபது நிமிடம் இங்கும் அங்குமாக நடந்து பார்த்துவிட்டு, காலையில் அவனிடம் 'இதைக் கட்டாயம் பார்க்கணும்ல' என்று சொல்லியிருந்த இடத்துக்கே போய் நிற்கலாம் என்று தோன்றியது.

பார்லிமென்டிலிருந்து தெற்கே முந்நூறு மீட்டர், ஆற்றின் கரைக்கல் விளிம்பில், இரும்பில் வார்த்த 60 ஜோடி ஷூக்கள். 1944 அக்டோபரில் நாஜிகளோடு சேர்ந்த அம்புச் சிலுவைக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. அந்தக் குளிர்காலத்தில் அதன் ஆட்கள் யூதர்களை இந்தக் கரைக்குக் கொண்டுவந்து, ஷூவைக் கழற்றச் சொல்லி, ஆற்றைப் பார்த்து நிற்க வைத்துச் சுட்டார்கள். போர்க்காலத்தில் ஷூவுக்கு விலை உண்டு, அதனால் கழற்றச் சொன்னார்கள். உடல்களை ஆறு கொண்டுபோய்விடும். ஜான் டொகாய் என்ற திரைப்பட இயக்குநரின் யோசனையில் பாவெர் ஜூலா என்ற சிற்பி செய்து, 2005-ல் வைத்தது.

படத்தில் பார்த்திருக்கிறேன். நேரில் பார்க்கும்போது ஒவ்வொன்றும் வேறு வேறாக இருக்கிறது. கயிறு அவிழ்ந்து நாக்கு வெளியே தொங்கும் வேலையாள் பூட்ஸ். குதிகால் உயர்ந்த பெண்கள் செருப்பு, ஒன்று சாய்ந்து கிடக்கிறது. என் உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு குழந்தை ஷூ. எல்லாவற்றுக்குள்ளும் பனி நிரம்பியிருந்தது, கிண்ணத்தில் மாவு நிரப்பிய மாதிரி. ஒன்றுக்குள் மட்டும் பனி இல்லை, யாரோ கையால் வழித்து எடுத்துவிட்டு மூன்று கூழாங்கல்லை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பின்னால் ரோட்டில் வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன.

மருமகன் அங்கேதான் என்னைக் கண்டுபிடித்தான். மூச்சு வாங்க வந்து நின்று, முதலில் முகத்தைப் பார்த்தான், பிறகு என் கணுக்காலில் மிளகாய்ப் படத்தைப் பார்த்தான். "கால் எப்படி இருக்கு மாமா?"

"இருக்கு" என்றேன்.

சந்திக்கிற இடத்தை இனிமேல் 'முன்னாடி', 'பக்கத்துல' என்று சொல்வதில்லை. மெட்ரோ ஸ்டேஷனின் இந்த வாசல், உள்பக்கம், டிக்கெட் மெஷின் அருகே என்று சொல்கிறேன். உள்பக்கம் என்பது முக்கியம், காத்திருக்கிறவன் குளிரில் நிற்கக் கூடாது. ஒரு நம்பரையாவது பேப்பரில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன்.

பார்லிமென்டுக்குள் போக நேரம் குறித்த டிக்கெட். இரண்டே காலுக்கு என்று அவன் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்ததால் தப்பித்தோம். 1885-ல் தொடங்கி 1904-ல் முடித்த கட்டடம், 691 அறைகள். கலசத்தின் உயரம் 96 மீட்டர், உள்ளே முதன்மைப் படிக்கட்டில் 96 படி. மகியார்கள் இந்த நிலத்துக்கு வந்ததாகச் சொல்லும் 896-ஆம் வருஷத்துக்காக. வழிகாட்டி ஹங்கேரி ராஜாக்களின் பழைய கிரீடத்தைக் காட்டினார், உச்சிச் சிலுவை சாய்ந்தே இருக்கிறது. எனக்குப் பிடித்தது சபை அறைக்கு வெளியே ஜன்னலோரம் இருந்த பித்தளைத் தட்டு. சுருட்டு வைக்கும் பள்ளங்கள், ஒவ்வொன்றுக்கும் நம்பர். உறுப்பினர்கள் சுருட்டைத் தங்கள் நம்பரில் வைத்துவிட்டு உள்ளே போவார்களாம். பேச்சு நன்றாக இருந்து, கேட்டு முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தால் சுருட்டு வீணாய்ப் போகும். என்னைக் கேட்டால், நம் சட்டமன்றங்களுக்கும் அப்படி ஒரு தட்டு வைக்கலாம்.

மூன்றேகாலுக்கு மருமகன் ஒரு சின்ன மெஸ்ஸுக்குக் கூட்டிப் போனான். தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று கைகாட்டி வாங்குகிற மாதிரி. ஃபேஸெலேக் என்று ஒன்று. பீர்க்கங்காய் மாதிரிக் காயையோ பச்சைப் பட்டாணியையோ வேகவைத்து, மாவும் கிரீமும் விட்டுக் கெட்டியாக்கியது. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் உப்புக் குறைந்த கூட்டு. மேலே இறைச்சித் துண்டு வைப்பது அவர்கள் வழக்கம். சைவம் சாப்பிடுகிறவர்கள் 'ஹூஷ் நேல்கூல்' என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள், இறைச்சி இல்லாமல் என்று அர்த்தம். சூப் வாங்கும்போது இரண்டு தடவை கேளுங்கள், காய்கறி சூப் என்றாலும் அடித்தண்ணீர் எலும்பில் கொதித்ததாக இருக்கும்.

வெளியே வந்தால் வானம் நீலமாகிக்கொண்டிருந்தது. பார்லிமென்டைப் பார்க்க வேண்டுமானால் எதிர்க்கரைக்குப் போக வேண்டும், அதன் அடியில் நின்றால் அது தெரியாது. சதுக்கத்தில் மெட்ரோ ஏறினால் ஆற்றுக்கு அடியில் புகுந்து ஒரே ஸ்டாப்பில் பாட்யானி சதுக்கம். மேலே வந்தபோது நாலேகால். அக்கரையில் விளக்குகளைப் போட்டிருந்தார்கள். முழு இருட்டுமில்லாமல் வெளிச்சமுமில்லாமல் வானம் கருநீலமாக இருக்கிற அந்த இருபது நிமிடம், கட்டடம் முழுக்கத் தேன் நிறம், அதே நிறம் தண்ணீரிலும் ஆடுகிறது. கோடையில் இதைப் பார்க்க ராத்திரி ஒன்பது மணி வரை காத்திருக்க வேண்டும். குளிர்காலத்தில் சாப்பிட்டு முடித்து வாய் துடைக்கிற நேரத்துக்கே கிடைக்கிறது. போன் அதற்குள் உயிர் பெற்றிருந்தது. நான்கு படம் எடுத்து உடனே உள்ளே வைத்துவிட்டேன்.

கடைசியாக, குட்டி மஞ்சள் மெட்ரோ. 1896-ல் ஓடத் தொடங்கியது, பிரிட்டனை விட்டுவிட்டால் ஐரோப்பாவில் முதல் சுரங்க ரயில். தெருவுக்கு ஒரு மாடி கீழேதான் ஸ்டேஷன், வெள்ளை ஓடு, பச்சை இரும்புத் தூண், மர டிக்கெட் பெட்டிகள். அதில் ஏறி செச்சேனி குளியல்கூடத்தில் இறங்கினோம். 1913-ல் திறந்தது. ஆயிரம் மீட்டருக்குக் கீழேயிருந்து சூடாகவே வரும் வெந்நீர், திறந்த வெளியில் குளங்களாக. டிக்கெட் பத்தாயிரம் ஃபோரிண்டுக்கு மேல், எனக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனால் எட்டு மணி நேரம் குளிரில் நடந்த காலை 38 டிகிரித் தண்ணீரில் இறக்கிய முதல் நிமிடத்தில் கணக்குத் தீர்ந்துவிட்டது. தலைக்கு மேலே மைனஸ், கழுத்துக்குக் கீழே வெந்நீர், நடுவில் ஆவி. இரண்டு பெரியவர்கள் மார்பளவுத் தண்ணீரில் நின்றபடி செஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள். என் முன்முடியைத் தொட்டால் கம்பி மாதிரி நின்றது, உறைந்துவிட்டது.

கதவிலிருந்து குளம் வரை பத்துப் பன்னிரண்டு அடி, ஈரமும் ஐஸுமான கல்தரை. ரப்பர் செருப்பு இல்லாமல் போகாதீர்கள், நான் போனேன். துண்டையும் கொண்டுபோங்கள், அங்கே வாங்கினால் தனிக் காசு. இதைக் காலையில் வைத்துக்கொள்ளவே கூடாது, ஈரத் தலையோடு மறுபடி தெருவுக்கு வர வேண்டியிருக்கும். கடைசியாகத்தான், தலையை நன்றாகக் காயவைத்து, குல்லாவை இழுத்துவிட்டு, நேராக ரூம்.

14-ல் எத்தனை முடிந்தது என்று ராத்திரி அவன் கேட்டான். எண்ணிப் பார்த்தால் ஏழு, அதிலும் ஒன்று வெளியே நின்று பார்த்தது. தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்தால் வெள்ளைக் கட்டியாக உறைந்திருந்தது. வெடித்த உதட்டுக்கு அவனுடைய வாசலினைத் தடவிக்கொண்டேன். ஷூவைக் கொண்டுபோய் ஹீட்டர் மேல் வைக்கப் போன என்னை அவன் தடுத்தான். மேலே வைத்தால் பசை விட்டுவிடுமாம். உள்ளே இருந்த அட்டையை உருவினான், பழைய ஹங்கேரியப் பேப்பரைக் கசக்கி முனை வரை திணித்து, ஹீட்டரிலிருந்து ஒரு முழம் தள்ளித் தரையில் வைத்தான். படுக்கும் முன் ஒரு தடவை பேப்பரை மாற்றினான், ஈரத்தில் கூழாகியிருந்தது.

காலையில் காய்ந்திருந்தது. வியன்னா ரயிலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றியபோது பார்க்கிறேன், வெள்ளை சாக்ஸின் கட்டை விரல் பக்கம் ஹங்கேரியத் தலைப்புச் செய்தி ஒன்று தலைகீழாக அச்சாகியிருந்தது. போட்டோ எடுத்து மருமகனுக்கு அனுப்பி, என்ன செய்தி என்று கேட்டேன். "வானிலை மாமா" என்று பதில் வந்தது. "நாளைக்கு இன்னும் குளிருமாம்."